மலை இடப்பக்கம்

அந்தக் கேமராவுக்குப் பூனைக் காது இரண்டு இருந்தது. கண்ணும் இரண்டு. எதிரே இருப்பதைப் பிடிக்க முன்னால் ஒன்று, பிடிக்கிறவர் தன்னையே பிடித்துக்கொள்ளப் பின்னால் ஒன்று. இவற்றைத் தவிர ஒரு கேமராவுக்கு வேண்டிய எதுவும் அதில் கிடையாது என்பது அருணாதேவியின் கட்சி.

கட்சியில் நியாயமும் இருந்தது. ஓசூரில் வேலை பார்க்கும் அவள் புருஷன் வளவன், போன மாதம் ஊருக்கு வந்தபோது பெரியவள் மதிவதனிக்காக அதை வாங்கி வந்தான். பத்து வயதுப் பெண் போனைப் பிடுங்காமல் இருந்தால் போதும் என்பது அவன் கணக்கு. முதல் நாளே மதி அம்மாவைப் படம் பிடித்துக் காட்டினாள். தீப்பெட்டி அகலத் திரையில் வெள்ளையாக ஏதோ உப்பியிருந்தது.

"இது நானா? இட்லி மாதிரி இருக்குது. இதுக்குப் போய்க் காசைக் கரியாக்கிட்டு வந்திருக்கீங்க."

"கொழந்தைங்க வெளையாடத்தானே. ஜாஸ்தி எதிர்பாக்காத."

அவன் ஓசூருக்குப் போய்விட்டான். இட்லியோடு குடும்பம் நடத்த வேண்டியது அருணா.

பௌர்ணமி அன்று காலையிலும் மதி கேமராவோடு சமையல் அறைக்கு வந்து நின்றாள். பின்கண்ணால் தன்னை எடுத்திருந்தாள். "அம்மா, இதைப் பாரேன். என் சட்டையில எழுத்தெல்லாம் திரும்பிக்கிச்சு."

அருணா அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எழுத்தைக்கூட ஒழுங்கா எடுக்கத் தெரியாத கேமரா. தூக்கி வெச்சிட்டுத் தங்கச்சிக்குத் தலை பின்னு."

மதி சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை அன்றைக்கு அருணா நின்று கேட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு விருந்தினர் விடுதியில் அருணாவுக்கு வேலை. அறை பெருக்குவது, போர்வை மாற்றுவது. பௌர்ணமிதோறும் விடுதிக்காரர் ரோட்டோரம் மோர்ப் பந்தல் போடுவார். ஊற்றுகிற கை அருணாவுடையது. அன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் விட ஆள் இல்லாததால் மதியையும் ஐந்து வயதுச் சின்னவள் கவிநிலாவையும் கூட்டி வந்திருந்தாள்.

மதியத்துக்கு மேல் கூட்டம் கனத்தது. மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு, ஊர் ஊராக ஜனம் கிரிவலம் போய்க்கொண்டிருந்தது. கவி பந்தலில் நிற்கிற பிள்ளை இல்லை. கூட்டத்துக்குள் நாலடி போவாள், எதிர்த்து ஓடி வருவாள், மறுபடியும் போவாள். யாராவது மிதித்துவிடப் போகிறார்களே என்று அருணாவுக்குப் பதைத்தது.

"இந்தா, இங்க பாரு. மலை சுத்தற ரோட்டுல எதிர்ப்பக்கமா நடக்கவே கூடாது. நடந்தா சாமி கண்ணைக் குத்தும்."

"ஒரு அடிகூடவா?"

"ஒரு அடிகூட."

கவி உடனே நின்றுவிட்டாள். அப்பாடா என்று இருந்தது அருணாவுக்கு. சாமியைக் காவலுக்கு வைத்தாகிவிட்டது. "மதி, தங்கச்சி கையை விடாத" என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றத் திரும்பினாள்.

நாலேகால் மணி இருக்கும். ஒரு வேன் கூட்டம் மொத்தமாக வந்து பந்தலை மொய்த்தது. தம்ளருக்கு மேல் தம்ளர். அவர்கள் நகர்ந்த பிறகு அருணா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, மதி மேஜைக்குக் கீழே காகிதக் கப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தனியாக.

"பாப்பா எங்கடி?"

"இங்கதாம்மா இருந்தா."

"இங்கன்னா எங்க?"

அருணாவின் கையிலிருந்த கரண்டி மோருக்குள் விழுந்தது. விடுதிக்குள் ஓடினாள், பின்பக்கக் குழாயடிக்கு ஓடினாள், திரும்ப ரோட்டுக்கு வந்தாள். ரோஸ் கவுன், ரெட்டைச் சடை. நூறு கவுன் போயிற்று. அவள் கவுன் இல்லை.

பக்கத்துத் தெரு அர்ஜுனன் ஆட்டோக்காரன். பௌர்ணமியில் இந்த ரோட்டில் ஆட்டோ விடமாட்டார்கள் என்பதால் சும்மா நின்றிருந்தவன் ஓடி வந்தான். உதவி மையத்துக்கு ஆள் அனுப்பினான். ஒலிபெருக்கியில் கவிநிலா, வயது ஐந்து, ரோஸ் நிறக் கவுன் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். தன் மகளின் பெயரை யாரோ ஒருவர் குரலில் கேட்டதும்தான் அருணாவுக்கு அழுகை வந்தது.

"மதி, நீ ஏதாச்சும் வீடியோ எடுத்தியா? அதுல தங்கச்சி இருக்குதா?" என்று கேட்டான் அர்ஜுனன்.

மதி இல்லை என்று தலையாட்டினாள். ஆட்டிய வேகம் சரியில்லை. பெற்றவளுக்குத் தெரியாதா? அருணா குனிந்து கப்பு டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டாள். பூனைக் காது தட்டுப்பட்டது.

கடைசி வீடியோவை அர்ஜுனன் ஓட்டினான். திரை முழுக்க மதியின் முகம். தோளுக்குப் பின்னால் ரோடு, ரோட்டுக்கு அப்பால் மலை. ரோட்டில் நடக்கிறவர்கள் குழம்பில் கரைத்த புளி மாதிரி கலங்கலாக இருந்தார்கள். கொரகொரவென்ற சத்தத்துக்கு நடுவே மதியின் குரல்: "ஹாய் பிரண்ட்ஸ், இன்னிக்குப் பௌர்ணமி." ஓரத்தில் ரோஸாக ஒன்று எட்டிப் பார்த்தது. "தள்ளு கவி. குறுக்க வராத. நான் கூப்பிட்டாத்தான் வரணும். போ அந்தப் பக்கம்."

ரோஸ் நிறம் கொஞ்சம் நின்றது. பிறகு திரையின் வலது ஓரமாக நகர்ந்து போய்விட்டது.

அருணா மதியை ஒரு அறை அறைந்தாள். இதுவரை அவள் பிள்ளைகளைக் கன்னத்தில் அடித்ததில்லை. மதி கன்னத்தைத் தொடக்கூட இல்லை. கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இங்க பாருங்க." அர்ஜுனன் வீடியோவை ஓரிடத்தில் நிறுத்தியிருந்தான். வலது ஓரத்தில் ரோஸ் திட்டு. அதை ஒட்டி, உயரமாக ஒரு காவித் திட்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. "எவனோ கையைப் புடிச்சிருக்கான். காவி கட்டினவன்."

அருணாவும் பார்த்தாள். கை தெரிந்தது. விரல்கூடத் தெரிந்தது போல் இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று மற்றவர்களுக்குச் சொல்வது சுலபம்.

அர்ஜுனன் அந்தத் திரையைத் தன் போனில் படம் பிடித்து ஆட்டோக்காரர்கள் குழுவில் போட்டான். பந்தலில் ரோட்டைப் பார்த்து நின்று வலது கையை நீட்டினான். "ரைட் சைடு. டவுன் பக்கமாத்தான் இட்டுக்கினு போயிருக்கான். பஸ் ஏறிட்டான்னா முடிஞ்சிது. வாங்க."

"அம்மா, அது செல்பிம்மா. அந்தப் பக்கம்…" என்று மதி ஆரம்பித்தாள்.

"வாயைத் தொறந்த, கொன்னுடுவேன்."

அருணா கேமராவை இடுப்பில் செருகிக்கொண்டு மதியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தபடி டவுன் பக்கம் ஓடினாள். அத்தனை ஜனமும் எதிரே வந்தது. தோளில் இடித்தார்கள். "எதிர்ல வராதம்மா" என்று யாரோ அதட்டினார்கள். மலை அவளுக்கு இடப்பக்கம் இருந்தது. பிறந்ததிலிருந்து இந்த ஊர்க்காரி, பௌர்ணமியில் இப்படி நடந்ததே இல்லை. என் கண்ணைக் குத்து, அவளை விட்டுடு என்று மலையைப் பார்க்காமலே வேண்டிக்கொண்டாள்.

காவி கட்டியவரைத் திருவண்ணாமலையில் தேடுவது உப்பளத்தில் உப்பைத் தேடுகிற கதை. மரத்தடிக்கு மரத்தடி காவி. ஒவ்வொரு காவியிலும் அருணா ஒரு நொடி நின்றாள். முக்கால் மணி போயிற்று. அதற்குள் அர்ஜுனன் போட்ட படம் அவர்களை முந்திக்கொண்டு ஓடியிருந்தது. அவன் எழுதியது 'குழந்தை காணவில்லை' என்றுதான். ஐந்தாவது கை மாறும்போது அது 'பிள்ளை பிடிக்கிறவன் படம்' ஆகிவிட்டது.

ஒரு டீக்கடைக்கு முன்னால் கும்பல் கூடியிருந்தது. நடுவில் ஒரு கிழவர். காவி வேட்டி, காவித் துண்டு, கழுத்தில் ருத்திராட்சம். நாலைந்து பேர் அவர் துண்டைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தார்கள். அவருடைய அலுமினியத் தட்டு தரையில் கிடந்தது.

"நான் காலைலருந்து இந்த எடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லப்பா" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிச் சொல்லிக் குரல் தேய்ந்திருந்தது.

"கொழந்தையோட அம்மா வந்துட்டாங்க. அவங்க சொல்லட்டும்" என்று அர்ஜுனன் குரல் கொடுத்தான்.

கும்பல் வழிவிட்டது. உண்ணாமலை என்கிற பெண் கான்ஸ்டபிள் ஒருத்தி அப்போதுதான் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தாள். கிழவருக்கும் கும்பலுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு, ஒருவன் போனை வாங்கிப் படத்தை அருணாவிடம் காட்டினாள். "நல்லாப் பாத்துச் சொல்லுமா. இவர்தானா?"

எல்லாரும் அருணாவின் வாயைப் பார்த்தார்கள். படத்தில் காவி, எதிரே காவி. ஆமாம் என்றால் அடிப்பார்கள். அடித்தால் உண்மை வரும். குழந்தை எங்கே என்று தெரியும். இல்லை என்றால் மறுபடியும் இந்த ஜனக்கடலுக்குள் ஒன்றுமே தெரியாமல் போய் நிற்க வேண்டும். ஆமாம் என்ற சொல் அவள் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அவள் கெட்டவள் இல்லை. ஆனால் பிள்ளையைத் தொலைத்துவிட்டு நிற்கிறவளிடம் அந்த நேரத்தில் நியாயம் கேட்கக்கூடாது.

கிழவர் அவளைப் பார்த்தார். வாய் ஓரத்தில் ரத்தம் லேசாகக் கசிந்திருந்தது. "தாயே, உன் கொழந்தை கெடைக்கணும். ஆனா நான் எடுக்கல."

அவருடைய முகம் தெளிவாகத் தெரிந்தது. மூக்கின் மேலிருந்த மருவரைக்கும் தெரிந்தது. அருணா படத்தைத் திரும்பப் பார்த்தாள். அதில் முகம் எங்கே? திட்டுதான் இருந்தது. தன்னை இட்லியாகக் காட்டிய கேமரா அல்லவா இது? ஒரு மாதமாக எதற்கும் ஆகாது என்று அவளே திட்டித் தீர்த்த கேமரா, முழ தூரத்தில் இருந்த முகத்தையே காட்டத் தெரியாதது, பத்தடி தள்ளியிருந்த கையை மட்டும் எப்படிக் காட்டியது?

"தெரியல" என்றாள்.

"இன்னாங்க தெரியலன்றீங்க? படம் கீது இல்ல?" என்று ஒருவன் கத்தினான்.

மதி அவள் புடவையை இழுத்தாள். அறை வாங்கிய கன்னம் தடித்திருந்தது. "அம்மா, ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாரும்மா. நிறுத்தாமப் பாரு. அப்புறம் என்னை அடி."

அருணா இடுப்பிலிருந்து கேமராவை எடுத்தாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தது போல, இத்தனை நேரம் அதைச் சுமந்துகொண்டே ஓடியிருக்கிறாள். உண்ணாமலையும் குனிந்தாள். "தேதி ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி காட்டுது?"

"பேட்டரி போச்சுன்னா தேதி மாறிடும் மேடம். இன்னிக்குத்தான் எடுத்தேன்" என்றாள் மதி.

வீடியோ ஓடியது. தள்ளு கவி. போ அந்தப் பக்கம். இந்த முறை அருணா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். ரோஸ் திட்டு காவித் திட்டை ஒட்டி நின்றது, விலகியது, போய்விட்டது. காவித் திட்டு போகவில்லை. வீடியோ முடிகிறவரை நின்ற இடத்திலேயே நின்றது.

அது எது என்று அவளுக்கு உடனே புரிந்தது. பந்தலுக்கு எதிர்ப்புறம் ஒரு புளியமரம். அடிமரத்தில் யாரோ வேண்டுதலுக்குக் காவித் துணி சுற்றி வைத்திருந்தார்கள். மாதாமாதம் பார்க்கிற மரம்.

"மேடம், அவரை விடச் சொல்லுங்க. அது மரம். ஆளே கெடையாது."

உண்ணாமலை திரையை ஒருமுறை பார்த்தாள், கும்பலை ஒருமுறை பார்த்தாள். பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. யாரும் கிழவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. தட்டை மட்டும் ஒருவன் எடுத்துக் கொடுத்தான். அருணா கும்பிட்டாள். அவர் அதைப் பார்த்தாரோ இல்லையோ, துண்டை உதறிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

அதற்குள் வீடியோ தானாகவே முதலிலிருந்து மறுபடியும் ஓடத் தொடங்கியிருந்தது. இப்போது அருணாவின் கண் கலங்கலாக நகர்ந்த ஜனத்தின் மேல் போயிற்று. முகம் இல்லாவிட்டாலும் நகர்வு தெரிந்தது. எல்லாரும் இடதிலிருந்து வலதுக்குப் போனார்கள். பின்னால் மலை.

என்னவோ உறுத்தியது. அவள் மனசுக்குள் அந்த ஜனத்தோடு சேர்ந்து நாலடி நடந்து பார்த்தாள்.

"மேடம், இதுல எல்லாருக்கும் மலை இடப்பக்கம் இருக்குது."

"அதுக்கு இன்னா இப்ப?"

"தெரியாம ஒருத்தர் ரெண்டு பேர் மாத்திச் சுத்துவாங்க. பௌர்ணமியில ஊரே மாத்திச் சுத்துமா?"

உண்ணாமலையும் உள்ளூர்தான். அவளுக்கு இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"செல்பி கண்ணுல எல்லாம் இடம் வலம் மாறித்தாம்மா வரும். காலைலயே காட்டினேன்ல, சட்டையில எழுத்து" என்று சொல்லும்போதே மதிக்கு அழுகை முட்டியது. "கவி டவுன் பக்கம் போகல. எல்லாரும் போற பக்கந்தான் போனா. சொல்ல வந்தேன், நீ கேக்கல."

ஒரு மணி நேரம். ஐந்து வயதுக் குழந்தைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் ஓடியிருக்கிறாள். அருணாவுக்குத் தன் மேல் வந்த ஆத்திரத்தில் தலை சுற்றியது.

உண்ணாமலை இருவரையும் ஸ்கூட்டியில் ஏற்றினாள். ஒலிப்பானை விடாமல் அழுத்தியபடி கூட்டத்தைப் பிளந்து போனாள். பந்தல் போயிற்று, காவித் துணி சுற்றிய புளியமரம் போயிற்று. செங்கம் ரோட்டை விட்டு வலப்பக்கம் திரும்புகிற முனை வந்தது. மதி ஒரு பக்கமும் அருணா ஒரு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தார்கள். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இருட்டிவிடும். இருட்டினால் ரோஸ் நிறமும் ஒன்றுதான், கறுப்பும் ஒன்றுதான். கிரிவலப் பாதையில் ஒரு பக்கம் காடு.

நிருதி லிங்கம் வந்தது. அங்கே இல்லை. தீபம் விற்கிற பெண்ணிடம் உண்ணாமலை கேட்டாள். "ரெட்டைச் சடை போட்ட பொண்ணா? இப்பத்தான் போச்சு. யார் கூட வந்தேன்னு கேட்டதுக்கு, எங்கம்மா அங்க இருக்காங்கன்னு முன்னாடி கையைக் காட்டிச்சு."

முன்னாடி என்ற சொல் அருணாவைக் குடைந்தது. அம்மா பின்னாலல்லவா இருக்கிறாள்? முன்னால் யார் இருக்கிறார்கள்? யாரைக் காட்டினாள்?

இன்னும் கொஞ்ச தூரம். ஆந்திராக்காரர்கள் போல ஒரு பெரிய கும்பல் பாடிக்கொண்டு போயிற்று. அதன் வாலில், யாருடைய கையையும் பிடிக்காமல், ரோட்டின் இடது ஓரத்தை ஒட்டி ஒரு ரோஸ் கவுன் நடந்துகொண்டிருந்தது. நடை தள்ளாடியது. ஒரு சடை அவிழ்ந்திருந்தது.

"கவி!"

அருணா வண்டி நிற்பதற்குள் குதித்ததில் முழங்கால் சிராய்த்தது. கவி திரும்பிப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்ததும் அவள் முகம் கோணியது. உதடு பிதுங்கியது. இரண்டு கைகளையும் நீட்டினாள். ஆனால் ஓடி வரவில்லை. நின்ற இடத்திலேயே, கழுத்தை மட்டும் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"வாடி" என்று அருணா கதறினாள்.

"வரமாட்டேன். நீ வா."

அருணா ஓடிப் போய் அவளை வாரி எடுத்தாள். வாய்விட்டு அழுதாள். கவியின் பாதம் இரண்டும் சிவந்து கொப்பளித்திருந்தன. உண்ணாமலை தண்ணீர் பாட்டிலைத் திறந்து குழந்தையின் வாயில் வைத்தாள்.

"திரும்பி வரவேண்டியதுதானே கண்ணு? ரோடு தெரியும்ல உனக்கு? நேரா வந்தா பந்தல் வந்திருக்கும்ல?" என்று கேட்டாள் அருணா.

கவி பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டு மூச்சு வாங்கினாள். "எதிர்ப்பக்கமா ஒரு அடிகூட நடக்கக் கூடாதுன்னியே. சாமி கண்ணைக் குத்தும்னு. அதான் முழுசா சுத்திட்டு உன்கிட்ட வரலாம்னு வந்துட்டிருக்கேன். இன்னும் எவ்ளோ தூரம்மா?"

இன்னும் பத்துப் பதினோரு கிலோமீட்டர் இருக்கும். அவள் வைத்த காவல் அத்தனை பலமான காவல். சாமி பாவம், அவர் ஒன்றும் செய்யவில்லை. குத்தியதெல்லாம் அம்மாவின் வாய்தான்.

மதி கிட்டே வராமல் ஸ்கூட்டியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அருணா அவளைக் கூப்பிட்டாள். வந்தவளின் கன்னத்தில், தான் அறைந்த இடத்தில், உள்ளங்கையை வைத்தாள். "சொல்ல வந்தியே, கேட்டிருக்கணும். தப்பு என் மேலதான்."

"நான்தாம்மா அவளைத் தள்ளுன்னு சொன்னேன்."

அருணா இடுப்பிலிருந்து கேமராவை எடுத்து மதியிடம் நீட்டினாள். மதி வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கேமராவைப் பார்த்ததும் கவிதான் அம்மாவின் தோளிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள், "இப்ப நான் வரலாமா?"

மதி அப்போதுதான் உடைந்து அழுதாள். அழுதுகொண்டே தலையை ஆட்டினாள். அருணா குழந்தையைக் கீழே விடாமலே பெரியவளையும் இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள்.

"வண்டியைத் திருப்பட்டுமா?" என்று உண்ணாமலை கேட்டாள்.

கவியின் கை அம்மாவின் கழுத்தை இறுக்கியது. அருணா மலையைப் பார்த்தாள். வலப்பக்கம் இருந்தது.

"வேணாம் மேடம். இப்படியே சுத்திப் போயிடலாம்."